வீட்டிலிருந்து வேலை: மிச்சம் யாருக்கு, செலவு யாருக்கு?

2019 ஜூன் மாதம் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் ஏறக்குறைய வறண்டு கிடந்தன. டேங்கர் லாரியை நம்பி ஓடும் பழைய மாமல்லபுரம் சாலையில் சில ஐடி நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லிவிட்டன. கொரோனா ஊரடங்குக்கு அப்போது இன்னும் ஒன்பது மாதம் இருந்தது. அதற்கு முன் 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஊழியர்களை வேறு ஊர் அலுவலகங்களுக்கு அனுப்பி வேலையைக் காப்பாற்றியிருந்தார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது மறுபடி வீடுதான் அலுவலகமானது.

தண்ணீர் இல்லாமல் போனாலும் தண்ணீர் மிஞ்சிப் போனாலும் வேலை நிற்காமல் நடக்க வழி தந்தது இந்த ஏற்பாடு. ஒரு நிறுவனம் நீடித்து நிற்பதற்கு இதைவிட நேரடியான உதவி இருக்க முடியாது. ஆனால் இப்போது ஆண்டறிக்கைகளில் ‘நிலைத்தன்மை’ என்ற தலைப்பின் கீழ் ஹைபிரிட் வேலைமுறை இடம்பெறும்போது, அது பெரும்பாலும் சூரியத்தகடு, மரம் நடுதல் வரிசையில் ஒரு பசுமைச் சாதனையாக எழுதப்படுகிறது. ஊழியர் அலுவலகம் வரவில்லை, ஆகவே கார்பன் குறைந்தது என்ற தர்க்கம். அந்தத் தர்க்கத்தில் பாதிதான் உண்மை. ஐம்பது ஆண்டு ஆய்வுகளையும் நம் ஊர் நிலவரத்தையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், நிறுவனம் தன் கட்டடத்தில் எதைக் குறைத்தது, வீட்டுக்கு நகர்ந்துபோன செலவை யார் ஏற்றார்கள், எங்கிருந்து எப்போது வேலை செய்வது என்ற முடிவு யார் கையில் இருக்கிறது ஆகிய மூன்றையும் பொறுத்தே இந்தப் பெருமை நியாயமாகிறது என்பது என் முடிவு.

இந்த யோசனை பிறந்ததே எரிபொருள் கவலையில்தான். நாசாவில் பொறியாளராக இருந்து தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்கு வந்த ஜாக் நில்ஸ் 1973இல் தொலைவேலை என்ற கருத்துக்குப் பெயர் கொடுத்தார். அரபு நாடுகள் எண்ணெய் விநியோகத்தை நிறுத்தி, அமெரிக்க பெட்ரோல் நிலையங்களில் வரிசை நின்ற காலம். லாஸ் ஏஞ்சல்ஸின் சாலைகளில் மணிக்கணக்கில் கார் ஓட்டி, நகர மையத்துக்குப் போய்த் தொலைபேசியில் பேசிவிட்டுத் திரும்பும் மக்களைப் பார்த்து, ஆட்களுக்குப் பதில் தகவலை அனுப்பினால் என்ன என்று கேட்டார். ஒரு காப்பீட்டு நிறுவனத்தோடு சேர்ந்து அவர் சோதித்துப் பார்த்ததில் வீடு இல்லை. ஊழியர்களின் வீடுகளுக்குப் பக்கத்தில் சிறு சிறு கிளை அலுவலகங்கள் இருந்தன. இந்த விவரம் பின்னால் நமக்குத் தேவைப்படும்.

அதன் பிறகு ஆய்வுகள் குவிந்தன. தொலைவேலையும் ஆற்றல் பயன்பாடும் பற்றிய 39 ஆய்வுகளை 2020இல் ஹூக், சோவக்கூல், சோரெல் உள்ளிட்ட குழுவினர் ஒன்றாக வைத்துப் பரிசீலித்தார்கள். 26 ஆய்வுகள் ஆற்றல் குறைகிறது என்றன. எட்டு ஆய்வுகள் மாற்றமில்லை அல்லது கூடுகிறது என்றன. ஆழமாக ஆராயும் ஆய்வுகளில் மிச்சம் சுருங்கிப்போவதையும் அவர்கள் சுட்டிக்காட்டினார்கள். வீட்டிலிருப்பவர் வேலைக்காகப் போகாவிட்டாலும் கடைக்கும் பள்ளிக்கும் தனியாக வண்டி எடுக்கிறார். தினமும் போகவேண்டியதில்லை என்றதும் நகரத்தை விட்டு இன்னும் தள்ளி, பெரிய வீடாகப் பார்த்துக் குடிபோகிறார். வாரத்தில் இரண்டு நாள் போனாலும் தூரம் இரட்டிப்பானால் மிச்சத்தின் பெரும்பகுதி கரைந்துவிடுகிறது.

அதே ஆண்டு பன்னாட்டு எரிசக்தி முகமை ஒரு கணக்குச் சொன்னது. வீட்டிலிருந்து வேலை செய்யக்கூடிய எல்லோரும் வாரம் ஒரு நாள் அப்படிச் செய்தால் ஆண்டுக்கு 2.4 கோடி டன் கார்பன் டை ஆக்சைடு குறையும். ஆனால் வீட்டு ஆற்றல் செலவு அன்றைக்கு 7 முதல் 23 சதவீதம் வரை கூடும். காரில் ஆறு கிலோமீட்டருக்கு மேல் போகிறவர் வீட்டிலிருந்தால் லாபம். அதற்குக் குறைவாகப் போகிறவரோ பேருந்து, ரயிலில் போகிறவரோ வீட்டிலிருந்தால் உமிழ்வு கூடவும் செய்யலாம். 2023இல் கார்னெல் பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்ட்டும் சேர்ந்து அமெரிக்க நிலவரத்தை ஆராய்ந்தபோது, முழுநேரமும் வீட்டிலிருந்து வேலை செய்பவரின் கார்பன் தடம் 54 சதவீதம் வரை குறையலாம் என்று கண்டார்கள். வாரம் இரண்டு முதல் நான்கு நாள் வீட்டிலிருந்தால் 11 முதல் 29 சதவீதம். ஒரே ஒரு நாள் என்றால் வெறும் 2 சதவீதம்.

இவையெல்லாம் கார் ஓட்டும் நாடுகளை வைத்துப் போட்ட கணக்குகள். சென்னைக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சிறுசேரிக்கு வேலைக்குப் போகும் ஒருவர் நாளொன்றுக்குப் போகவர 50 கிலோமீட்டர் பயணம் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளிவரும். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் தரும் பைக்கில் போனால் அன்றைய கணக்கு 2.3 கிலோ. லிட்டருக்கு 15 தரும் காரில் தனியாகப் போனால் 7.7 கிலோ. இனி வீட்டுக் கணக்கு. நிலக்கரியை நம்பியிருக்கும் நம் மின்தொகுப்பில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 0.7 கிலோ. ஃபேன், லேப்டாப், ஒரு விளக்கு, வைஃபை மோடம் எல்லாம் சேர்த்து ஒன்பது மணி நேரத்துக்கு ஒன்றரை யூனிட்டைத் தாண்டாது, ஒரு கிலோ. அதே அறையில் ஒன்றரை டன் ஏசி ஓடினால் எட்டு யூனிட் அளவுக்குச் செலவாகும். அதற்கு மட்டும் ஐந்தரை கிலோவுக்கு மேல்.

ஆக, ஏப்ரல், மே மாத வெயிலில் பைக்காரர் வீட்டில் ஏசி போட்டு உட்கார்ந்தால், அலுவலகம் போய்வருவதைப் போல் இரண்டு மடங்குக்கும் அதிகமாக உமிழ்கிறார். ஃபேன் போதும் என்று டிசம்பரில் உட்கார்ந்தால் பாதிக்கு மேல் மிச்சம். கார்காரருக்கு ஏசி போட்டாலும் கொஞ்சம் மிச்சம் உண்டு. மாநகரப் பேருந்திலோ நிறைந்த கம்பெனி பஸ்ஸிலோ போகிறவருக்கு வீட்டு ஏசி எந்தக் காலத்திலும் நஷ்டம்தான். ஒரே தளத்தில், ஒரே டீமில் இருக்கும் மூன்று பேருக்கு மூன்று விடைகள். ‘ஹைபிரிட் முறையால் இத்தனை டன் குறைத்தோம்’ என்று சராசரி அமெரிக்கக் காரை வைத்து ஒரு நிறுவனம் எழுதினால், அந்த எண் அதன் ஊழியர்களைப் பற்றியதே இல்லை.

இந்தக் கணக்கில் இன்னும் அலுவலகக் கட்டடம் வரவில்லை. மிச்சத்தின் பெரும்பகுதி அங்கேதான் ஒளிந்திருக்கிறது. ஹைபிரிட் அலுவலகம் ஒன்றின் வெள்ளிக்கிழமையைப் பார்த்தால் இது விளங்கும். இருநூறு இருக்கை போட்ட தளத்தில் அங்கொருவர் இங்கொருவராக முப்பது பேர். கூரை முழுக்க விளக்கு. சென்ட்ரல் ஏசி தளம் மொத்தத்துக்கும் ஓடுகிறது. முப்பது பேருக்கென்று அதைச் சுருக்க முடியாது. சர்வர் அறை, யுபிஎஸ், லிஃப்ட், பேன்ட்ரி காபி மெஷின் எல்லாம் வழக்கம்போல. மீதி நூற்றெழுபது பேர் நூற்றெழுபது வீடுகளில் தனித்தனி ஏசியில். அலுவலகமும் எரிகிறது, வீடும் எரிகிறது. வாரம் ஒரு நாளுக்கு 2 சதவீதம்தான் என்று கார்னெல் ஆய்வு சொல்வதன் பொருள் இப்படி ஒரு தளத்தில் நின்றால் புரிந்துவிடும். தளத்தை மூடி, இருக்கைகளைப் பகிர்ந்து, வாடகைக்கு எடுத்த சதுர அடியைக் குறைத்தால்தான் மின்மீட்டர் இறங்கும். எல்லோரையும் குறிப்பிட்ட மூன்று நாள் வரவழைத்து, மற்ற நாளில் கட்டடத்தையே அடைத்துவிடுவதுகூட, ஐந்து நாளும் கால்வாசிக் கூட்டத்தோடு திறந்து வைப்பதைவிட மேல்.

வீட்டுக்கு நகர்ந்த மின்செலவு நிறுவனத்தின் ஏட்டில் எங்கே பதிவாகிறது என்று பார்த்தால் பெரும்பாலும் எங்கேயும் இல்லை. உலகம் பின்பற்றும் பசுமை இல்ல வாயு நெறிமுறையில் நிறுவனம் நேரடியாக எரிப்பது ஸ்கோப் 1, வாங்கும் மின்சாரம் ஸ்கோப் 2, அதன் சங்கிலியில் மற்றவர்கள் உமிழ்வது ஸ்கோப் 3. ஸ்கோப் 3க்குள் பதினைந்து பிரிவுகள். ஊழியர் பயணம் அதில் ஏழாவது. வீட்டிலிருந்து வேலை செய்வதன் உமிழ்வை அதே பிரிவில் சேர்க்கலாம் என்று நெறிமுறை அனுமதிக்கிறதே தவிர, கட்டாயப்படுத்தவில்லை. இந்தியாவில் முதல் ஆயிரம் பட்டியலிட்ட நிறுவனங்கள் 2022-23 நிதியாண்டிலிருந்து பங்குச்சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபி கேட்கும் பிஆர்எஸ்ஆர் என்ற நிலைத்தன்மை அறிக்கையைக் கட்டாயம் தரவேண்டும். அதில் ஸ்கோப் 1, 2 கட்டாயக் கேள்வி. ஸ்கோப் 3 விருப்பக் கேள்வி. அலுவலகத் தளத்தை மூடினால் ஸ்கோப் 2 அழகாகக் குறையும். அதே மின்சாரம் தாம்பரத்திலும் அம்பத்தூரிலும் ஊழியர் வீட்டு மீட்டரில் ஓடும்போது அறிக்கைக்கு வெளியே போய்விடும்.

பணமாகவும் அது வெளியேதான் போகிறது. மாதம் 22 நாள் ஏசி ஓடினால், இரண்டு மாத ரீடிங்கில் 350 யூனிட் கூடும். 300 யூனிட் வீடு 650 ஆகிறது. தமிழ்நாட்டில் 500ஐத் தாண்டினால் அடுத்த ஸ்லாப் விலை மட்டும் கூடுவதில்லை, கீழே உள்ள யூனிட்டுகளில் ஒரு பகுதிக்கும் விலை ஏறிவிடும். போர்ச்சுகல் 2021இல் கொண்டுவந்த சட்டப்படி தொலைவேலையால் கூடும் மின்சார, இணையச் செலவை முதலாளி தரவேண்டும். ஸ்பெயினும் வேலை நேரத்தில் 30 சதவீதமோ அதற்கு மேலோ தொலைவேலை என்றால் செலவை நிறுவனத்தின் தலையில் வைக்கிறது. இந்தியாவில் அப்படிப் பொதுவான சட்டம் எதுவும் இல்லை.

உற்பத்தித்திறன் பற்றிய சர்ச்சையில் இரு தரப்பும் தங்களுக்குப் பிடித்த ஆய்வை மட்டும் காட்டுகின்றன. ஸ்டான்ஃபோர்டின் நிக்கோலஸ் புளூம், ஷாங்காயில் சிட்ரிப் பயண நிறுவனத்தின் கால்சென்டர் ஊழியர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒன்பது மாதம் சோதித்தார். வீட்டிலிருந்தவர்களின் வேலை 13 சதவீதம் கூடியது. வேலையை விட்டுப் போகிறவர் எண்ணிக்கை பாதியானது. மறுபக்கம், ஆசியாவின் ஒரு பெரிய ஐடி சேவை நிறுவனத்தின் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களின் பதிவுகளைக் கொரோனாக் காலத்தில் ஆராய்ந்தவர்கள், வேலை நேரம் கூடி, விளைவு சற்றே குறைந்து, மணிக்கணக்கில் பார்த்தால் உற்பத்தித்திறன் 8 முதல் 19 சதவீதம் இறங்கியது என்றார்கள். முன்னது விருப்பப்பட்டு வந்தவர்கள், தனியறை இருந்தவர்கள், தனியாளாகப் போனில் முடிக்கும் வேலை. பின்னது ஒரே இரவில் வீட்டுக்குள் அடைக்கப்பட்டவர்கள், பத்துப் பேரோடு பேசி முடிக்கவேண்டிய வேலை. இரண்டும் உண்மைதான்.

நீடித்த நிலைத்தன்மைக்கு இவற்றைவிட முக்கியமாக நான் கருதுவது புளூம் 2024இல் வெளியிட்ட ஆய்வு. அதே சிட்ரிப்பில் 1,612 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு மட்டும் வாரம் இரண்டு நாள் வீடு என்று ஆறு மாதம் கொடுத்தார்கள். வேலைத் தரத்திலும் பதவி உயர்விலும் வேறுபாடு இல்லை. வேலையை விடுகிறவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். பெண்கள், மேலாளர் அல்லாதவர்கள், வெகுதூரம் பயணிப்பவர்கள் மத்தியில் இது தெளிவாகத் தெரிந்தது. பழகிய ஆள் போய்ப் புது ஆள் எடுத்துப் பழக்கும் செலவை அறிந்த எந்த டெலிவரி மேனேஜரும் இதன் மதிப்பை உணர்வார். எதிர்ப்பக்கம் வைக்கவேண்டியதும் ஒன்று உண்டு. மைக்ரோசாஃப்ட்டின் 61,000 ஊழியர்களின் தொடர்புகளை ஆராய்ந்தபோது, முழுத் தொலைவேலையில் குழுக்கள் தத்தம் வட்டத்துக்குள் சுருங்கின, புதிய தொடர்புகள் குறைந்தன. புதிதாகச் சேர்ந்த இளைஞருக்கு இது பெரிய இழப்பு. கேம்பஸில் தேர்வாகி வந்தவர் பக்கத்து இருக்கை சீனியரிடம் கேட்டுக் கற்பதை டீம்ஸ் அழைப்பால் ஈடுசெய்ய முடியவில்லை.

நம் ஊர் ஆய்வு ஒன்று இந்த விவாதத்தையே வேறு பக்கம் திருப்புகிறது. அட்கின், ஷோர், ஷிண்டே ஆகிய மூன்று பொருளியலாளர்கள் சென்னையில் டேட்டா என்ட்ரி வேலைக்கு ஆள் எடுத்து, சிலரை அலுவலகத்துக்கும் சிலரை வீட்டுக்கும் குலுக்கலில் அனுப்பினார்கள். வீட்டிலிருந்தவர்களின் உற்பத்தித்திறன் 18 சதவீதம் குறைவு. அதில் மூன்றில் இரண்டு பங்கு முதல் நாளிலேயே தெரிந்தது. இன்னும் கவனிக்கவேண்டியது, வீட்டு வேலையை விரும்பியவர்கள்தான் வீட்டில் அதிகம் இழந்தார்கள்: 27 சதவீதம். அலுவலகத்தை விரும்பியவர்களின் இழப்பு 13தான். குழந்தை, முதியோர் பொறுப்பு உள்ளவர்கள், வசதி குறைந்த வீட்டினர் போன்றோர் அலுவலகம் வர வழியில்லாமல் வீட்டைக் கேட்கிறார்கள். அந்த வீடோ வேலைக்கு இடம் தருவதில்லை. அடுக்களைக்கும் ஹாலுக்கும் நடுவே, பிள்ளையின் டியூஷன் நேரத்தில், மாமியாரின் டிவி சத்தத்தில் லாகின் செய்பவரின் 27 சதவீதத்தை அவருடைய திறமைக் குறைவாக எண்ணுவது பெரிய அநியாயம்.

அதற்காக வீட்டு வேலையைப் பறித்துவிடுவதும் தீர்வாகாது. மேற்கு வங்கத்தில் நடந்த ஒரு பரிசோதனையில், நேரத்தையும் இடத்தையும் தாங்களே வைத்துக்கொள்ளலாம் என்றதும் வேலையை ஏற்ற பெண்கள் 15 சதவீதத்திலிருந்து 48 சதவீதமானார்கள். 2023இல் பொருளியல் நோபல் பெற்ற கிளாடியா கோல்டின், ஆண்-பெண் ஊதிய இடைவெளியின் வேரை எந்நேரமும் கூப்பிட்ட குரலுக்கு வரவேண்டிய வேலைகளுக்குக் கிடைக்கும் அதிகக் கூலியில் கண்டார். இந்தியாவின் மகப்பேறு நலச் சட்டத் திருத்தம் 2017இலேயே, 26 வார விடுப்புக்குப் பின் இருதரப்பும் ஒப்புக்கொண்டால் வீட்டிலிருந்து வேலை செய்யலாம் என்றது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ உள்ள இடங்களில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றும் அதே திருத்தம்தான் சொன்னது. வீட்டு வேலையைக் கொடுத்துவிட்டோம், காப்பகம் எதற்கு என்று கேட்கும் நிறுவனம் சட்டத்தின் பாதியை மட்டும் படித்திருக்கிறது.

மிச்சமாகும் நேரம் எங்கே போகிறது என்பதற்கும் விடை இருக்கிறது. 27 நாடுகளில் எடுத்த கணக்கில், வீட்டிலிருந்தால் பயணத்தில் நாளொன்றுக்குச் சராசரியாக 72 நிமிடம் மிஞ்சுகிறது. இந்தியாவில் 99 நிமிடம். மிஞ்சும் நேரத்தில், எல்லா நாடுகளின் சராசரிப்படி, ஏறத்தாழ 40 சதவீதம் வேலைக்கே போய்விடுகிறது. நிறுவனத்துக்கு இது இலவச உழைப்பு. பிரான்ஸ் 2017இலிருந்து, வேலை நேரத்துக்குப் பின் தொடர்பைத் துண்டிக்கும் உரிமையைச் சட்டமாக வைத்திருக்கிறது. சுப்ரியா சுலே 2018இல் மக்களவையில் அதே நோக்கத்தோடு கொண்டுவந்த தனிநபர் மசோதா சட்டமாகவில்லை.

நெகிழ்வு என்ற பெயரில் எதிர்த்திசையிலும் போகலாம் என்பதைத் தமிழ்நாடு கண்டது. 2023 ஏப்ரலில் சட்டப்பேரவையில் நிறைவேறிய தொழிற்சாலைகள் சட்டத் திருத்தம், வேலை நேரத்தை நெகிழ்த்தி, நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வரை கொண்டுபோக வழி செய்தது. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்து நின்றதால் மே தினத்தன்று முதலமைச்சர் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். பிரிட்டனில் 2022இல் 61 நிறுவனங்கள் சம்பளத்தைக் குறைக்காமல் வேலை நாளைக் குறைத்துப் பார்த்து, அவற்றில் 56 அதையே தொடர்ந்தன. அங்கும் நேரம்தான் நெகிழ்ந்தது. உழைப்பவருக்குச் சாதகமாக நெகிழ்ந்தது.

கணக்கில் வராத மனிதர்கள் பற்றியும் சொல்லவேண்டும். அமெரிக்காவிலேயே வீட்டிலிருந்து செய்யக்கூடிய வேலைகள் 37 சதவீதம்தான் என்று 2020இல் டிங்கெல், நீமன் கணித்தார்கள். ஏழை நாடுகளில் இன்னும் குறைவு. கொரோனாக் காலத்தில் தளம் மூடியபோது ஹவுஸ்கீப்பிங் அக்காக்கள், கேப் டிரைவர்கள், கேன்டீன்காரர்கள், செக்யூரிட்டிகள்தான் முதலில் வேலை இழந்தார்கள். ஐடி பூங்காக்களில் இவர்கள் பெரும்பாலும் கான்ட்ராக்டர் வழியாக வந்தவர்கள் என்பதால் நிறுவனத்தின் ஊழியர் கணக்கில் இந்த இழப்பு பதியவில்லை. சதுர அடியைக் குறைக்கச் சொல்லும் என் வாதத்தின் சுமை இவர்கள் மேல் விழும் என்பதை அறிந்தேதான் எழுதுகிறேன். மாற்று வேலைக்கும் இழப்பீட்டுக்கும் இடம் வைக்காத சிக்கனத்தைச் சமூக நிலைத்தன்மை என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

2020இல் டிசிஎஸ், 2025க்குள் 25 சதவீத ஊழியர்கள் மட்டும் அலுவலகம் வந்தால் போதும் என்ற இலக்கை அறிவித்தது. 2023 அக்டோபரில் வாரம் ஐந்து நாளும் வரச் சொன்னது. அடுத்த ஆண்டு மாறுபடு ஊதியத்தை வருகைப்பதிவோடு இணைத்தது. அமேசான் 2025 ஜனவரியிலிருந்து ஐந்து நாள் என்றது. திரும்ப அழைக்க அவர்களுக்குக் காரணங்கள் இருக்கலாம். புதியவர்களின் பயிற்சி உண்மையான காரணம். ஆனால் முன்பு ஹைபிரிட்டைப் பசுமைச் சாதனையாக எழுதிய எந்த நிறுவனமும், முடிவை மாற்றும்போது கூடும் பயண உமிழ்வை அதே பெரிய எழுத்தில் எழுதவேண்டும்.

வீடு அல்லது நகரத்துப் பெரிய வளாகம் என்று இரண்டே வழிதானா என்றால், நில்ஸின் பழைய சோதனை ஞாபகத்துக்கு வருகிறது. தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் ஸோஹோ நடத்தும் அலுவலகம் ஏறத்தாழ அதே யோசனையின் தமிழ் வடிவம். அதன் நிறுவனர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு அந்த வட்டாரத்திலேயே குடியேறினார். சிறு ஊரில் அலுவலகம் இருந்தால் பயணம் சுருங்கும். பத்துப் பேருக்கு ஒரு ஏசி போதும். சென்னை ஆய்வில் வீட்டை விரும்பியும் வீட்டில் தடுமாறிய பெண்ணுக்கு நடந்துபோகும் தூரத்தில் ஒரு மேசை கிடைக்கும். இளைஞருக்குப் பக்கத்திலேயே ஒரு சீனியர் இருப்பார். சம்பளம் உள்ளூர்க் கடையில் செலவாகும். பெருநிறுவனங்கள் கோவை, மதுரை, திருநெல்வேலி என்று இதைப் பரப்பத் தடையாக இருப்பது தொழில்நுட்பமல்ல. வாடிக்கையாளரும் மேலாளரும் ஒரே கட்டடத்தில் ஆளைப் பார்க்க விரும்பும் பழக்கம்.

அடுத்த நிலைத்தன்மை அறிக்கையில் எனக்குப் பார்க்கக் கிடைக்கவேண்டியவை சில எண்கள்தான். ஊழியர் எந்த வாகனத்தில் எத்தனை கிலோமீட்டர் வந்தார், கைவிட்ட சதுர அடி எவ்வளவு, ஒரு இருக்கைக்கு ஆண்டுக்கு எத்தனை யூனிட், வீட்டு மின்செலவில் நிறுவனம் கொடுத்தது எவ்வளவு, மகப்பேறு விடுப்பிலிருந்து திரும்பியவர்களில் எத்தனை பேர் தங்கினார்கள், தளம் மூடியதால் போன கான்ட்ராக்ட் ஆட்கள் எத்தனை பேர். இவற்றில் மகப்பேற்றுக்குப் பின் தங்கியவர்களின் விகிதத்தை பிஆர்எஸ்ஆர் இப்போதே கேட்கிறது. மற்றவற்றைத் தானாக முன்வந்து வெளியிட எந்த அனுமதியும் தேவையில்லை. வருகையைச் சம்பளத்தோடு இணைக்கத் தெரிந்த ஒரு நிறுவனத்திடம் ஸ்வைப் கார்டு பதிவும், கேப் பில்லும், தளவாரி மின்மீட்டர் ரீடிங்கும், கான்ட்ராக்டர் மஸ்டர் ரோலும் ஏற்கெனவே இருக்கின்றன.